எண்ணூர் மாசு பிரச்சினைதான், ஆய்வுக் கேள்வி எங்கே?

வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளையும் நிதி கேட்கும் ப்ரொபோசல்களையும் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ராயபுரம் பக்கம் மருத்துவ மேற்படிப்பு படிப்பவர்கள், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைக் கல்லூரி ஆசிரியர்கள் என்று பலர் வருவார்கள். வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க சார்." இங்கிலீஷ் அரை நாள் வேலை. அதற்காக மட்டும் ஒரு ப்ரொபோசல் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

வடசென்னையைப் பற்றிய ப்ரொபோசல்கள் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிய கதையில் ஆரம்பிப்பார்கள். அடுத்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்துக்கு வந்த எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்து ஜனங்களை வீட்டை விட்டு ஓடவைத்த அம்மோனியா வாயுக் கசிவு. அப்புறம் அனல்மின் நிலையச் சாம்பல், மணலி ஆலைகள், கொடுங்கையூர் குப்பைமேடு. எல்லாம் உண்மை. ஆனால் நான்கு பக்கம் தாண்டினாலும் இவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயரெல்லாம் போட்டுவிட்டு முகூர்த்த நேரத்தை விட்டுவிட்ட மாதிரி.

பிரச்சினை கண்ணெதிரே இவ்வளவு பெரிதாக நிற்பதுதான் வம்பு. தினமும் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறவருக்கு, இதைச் சொன்னாலே பணம் கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றுவது இயல்பு. நிதி கொடுக்கும் கமிட்டியில் இருப்பவர் கையிலோ ஒரு கட்டு விண்ணப்பம் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஓர் ஊர் அழுதுகொண்டிருக்கும். அவருக்குத் தெரியவேண்டியது, இந்தப் பணத்தைக் கொடுத்தால் இன்று தெரியாத எது மூன்று வருஷம் கழித்துத் தெரிந்திருக்கும் என்பது.

ஒரு உதாரணம். "எண்ணூர் பகுதி மீன்களில் கன உலோக மாசு குறித்து விரிவான ஆய்வு மேற்கொள்ள உத்தேசிக்கப்பட்டுள்ளது." நோக்கம் என்ற தலைப்பின் கீழ் இப்படி ஒரு வாக்கியம் வந்தது. எந்த மீன் என்றேன். மடவை என்றார் ஆசிரியர். மடவை ஓரிடத்தில் நிற்காதே, இன்று கழிமுகத்தில் பிடித்தது நேற்று எங்கே மேய்ந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஆளிச் சிப்பி எடுக்கலாம், அது ஒட்டிய இடத்தை விட்டு நகராது என்றார். எந்த உலோகம், எந்த மாதம், எதோடு ஒப்பிட்டு என்று கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் அவரிடமே பதில் இருந்தது. கடைசியில் வாக்கியம் இப்படி ஆனது: "எண்ணூர் கழிமுகத்து ஆளியின் சதையில் ஈயம், காட்மியத்தின் அளவு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மாறுகிறதா, சாம்பல் கலக்கும் இடத்துக்கு அருகே எடுத்ததில் பழவேற்காட்டுப் பக்கம் எடுத்ததைவிட அதிகமா என்று அளப்போம்."

அழகான வாக்கியம் ஒன்றுமில்லை, நீளம் வேறு. ஆனால் விண்ணப்பத்தை மதிப்பிடும் ரிவியூவர் இதோடு சண்டை போடலாம். பழவேற்காட்டுத் தண்ணீருக்கும் எண்ணூருக்கும் தொடர்பு இருக்கிறதே, அது ஒப்பிடச் சரியான இடமா என்று கேட்கலாம். கேட்கட்டும். பழைய வாக்கியத்தில் கேட்பதற்கே ஒன்றுமில்லை.

இதற்கு நல்ல முன்மாதிரி இதே நகரத்தில் இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம், 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நுரையீரல் காசநோய்க்கு வீட்டில் வைத்துக் கொடுக்கும் சிகிச்சையையும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துக் கொடுக்கும் சிகிச்சையையும் ஒரே காலத்தில் ஒப்பிடுவது, இடம் தென்னிந்தியா. தலைப்பே அவ்வளவுதான், அலங்காரமாக ஒரு சொல் கிடையாது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு பக்கத்துக்கும் அதே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத ஏழை வீடுகளிலும் மருந்து ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்தது. சென்னையின் வறுமையைப் பற்றி அவர்களும் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கலாம். அந்த வறுமையையே கேள்விக்குள் வைத்துவிட்டார்கள்.

சரி, கேள்வி கிடைத்துவிட்டது. அடுத்து மெதடாலஜி, அதாவது ஆய்வை எப்படிச் செய்வது என்ற பகுதி. நான் கேட்பது, முதல் நாள் காலையில் யார், எதில் ஏறி, எங்கே போவார்கள்? அந்த ஆளி ப்ரொபோசலின் பட்ஜெட்டில் லட்சக்கணக்கில் கருவி இருந்தது, படகு வாடகை இல்லை. ஐஸ் பெட்டி இல்லை. நீர் வற்றும் நேரத்தில்தான் ஆளி கைக்கு எட்டும் என்ற குறிப்பும் இல்லை. ரிவியூவர் இதைப் பார்த்ததும், இவர் கழிமுகத்தில் கால் வைத்ததே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். இவரோ பிறந்து வளர்ந்ததே காட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில்! தெரிந்ததை எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்தக் கருவியும் தேவையில்லை. கிண்டி ஐஐடி மாதிரி இடங்களில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அளந்து வாங்கலாம்.

பழைய ப்ரொபோசலை நகலெடுத்தால் பட்ஜெட் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வு மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இன்னும் 31,000 என்று போட்டு வருகிறது. ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான செர்ப் இருந்த இடத்தில் ஏஎன்ஆர்எஃப் வந்தபிறகும் முகப்புக் கடிதத்தில் செர்ப்புக்கே விண்ணப்பிக்கிறார்கள்.

"இதுவரை யாருமே செய்யாத ஆய்வு" என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எண்ணூரைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவரே அவர்களில் ஒருவராக இருக்கக்கூடும். முன்னே செய்தவர்கள் எதுவரை போனார்கள், நீங்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

கட்டுரை எழுதும்போதும் நோய் இதேதான், வேறு இடத்தில் தலைகாட்டும். அப்ஸ்ட்ராக்ட், அதாவது கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியில் "முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன" என்று இருக்கும். என்ன முடிவு? மழைக்குப் பிறகு ஈயம் கூடியதா, குறைந்ததா, எவ்வளவு? நிறையப் பேர் அப்ஸ்ட்ராக்ட்டைத் தாண்டிப் போவதே இல்லை, எண் அங்கேயே இருக்கட்டும். மருத்துவப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சிகிச்சையில் கை வைக்காமல் கவனித்துப் பதிவு மட்டும் செய்யும் அப்சர்வேஷனல் ஆய்வைக் கட்டுரையாக்கும்போது என்னென்ன சொல்லவேண்டும் என்பதற்கு ஸ்ட்ரோப் என்று 22 அம்சப் பட்டியல் 2007இலிருந்தே இருக்கிறது. ஜர்னல் கேட்டபிறகு அதை நிரப்ப உட்காராமல், நோயாளிகளைச் சேர்க்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கணக்கு கேட்கும். "எல்லோரும் 30 எடுப்பார்கள்" என்பது கணக்கு ஆகாது.

இப்போதெல்லாம் ஏஐ தயவில் வழவழப்பான இங்கிலீஷில் வருகிறது. படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. படகு வாடகை மட்டும் இன்னமும் இல்லை.

கால அட்டவணையில் ஒரு எச்சரிக்கை. நிதி டிசம்பரில் வந்தால் அந்த வருஷ மழை போய்விட்டிருக்கும், மழைக்கு முந்தைய மாதிரி எடுக்க அடுத்த செப்டம்பர்வரை காத்திருக்கவேண்டும். அதனால் பணம் எந்த மாதம் வந்தாலும் முதல் ஆறு மாதத்துக்குச் செய்ய வேலை இருக்கிற மாதிரி எழுதுங்கள். அப்புறம், கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதத்தை ப்ரொபோசல் பாதியில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். விண்ணப்பப் போர்ட்டல் மூடுகிற அன்றைக்குத்தான் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் மீட்டிங் இருக்கும்.