தொலைந்த நகையைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொடுத்து வாங்கிய பணத்துக்கு வரி உண்டா?

மாசிமகம் முடிந்த வாரம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுக்கும் என் அலுவலகத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரிக்குக் கூட்டம் கடலில் இறங்குகிறது. கரையேறும்போது யாராவது ஒருவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கதறுகிறார். தாலிச் சங்கிலி, மோதிரம், குழந்தையின் கொலுசு என்று ஏதோ ஒன்று போயிருக்கும். தேடி எடுத்துக்கொடுப்பவர்கள் டைவிங் பள்ளியில் வேலை பார்க்கும் இளைஞர்களும் மூச்சடக்கி முங்கத் தெரிந்த மீனவப் பிள்ளைகளும்தான். மற்ற நாட்களில் இவர்கள் படகின் விசிறியில் சிக்கிய வலையை அறுத்துவிடுவார்கள், கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தூக்கிக்கொடுப்பார்கள். வரிக் கணக்கு என்று வரும்போது இவர்களில் பெரும்பாலானோர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “சார், அது பரிசுதானே? அம்பதாயிரம் வரைக்கும் வரி இல்லைன்னாங்க.”

இந்த முறை வந்த தம்பி சொந்தமாக ஒரு காற்று கம்ப்ரஸர் வாங்க வங்கிக் கடன் கேட்டிருந்தார். ஆறேழு வருடமாக இந்த வேலைதான் செய்கிறார், கடற்கரையில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் வங்கி கேட்ட வருமான வரிக் கணக்கு அவரிடம் ஒரு வருடத்துக்குக்கூட இல்லை. வாங்கிய பணத்தையெல்லாம் ‘பரிசு’ என்றே வைத்திருந்தார். ஒரு குடும்பம் கொடுத்த அறுபதாயிரத்தை, யாரோ சொன்னார்கள் என்று, இரண்டு முப்பதாயிரமாகப் பிரித்து இரண்டு பேர் கணக்கிலிருந்து போடச் சொல்லியிருக்கிறார். கடன் கிடைக்கவில்லை. கட்டவே வேண்டியிராத வரிக்குப் பயந்து இவ்வளவும் செய்திருக்கிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த ஐம்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56ஆவது பிரிவில், பிரதிபலன் ஏதும் இல்லாமல் ஒருவர் பெறும் பணத்தைப் பற்றி ஒரு விதி இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண் மாறியிருக்கிறதே தவிர விதி அதேதான். ஒரு நிதியாண்டில் இப்படி உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வந்த பணம் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் வரி இல்லை. ‘எல்லாம் சேர்ந்து’ என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று கணக்கில்லை. மூன்று பேர் தலைக்கு இருபதாயிரம் கொடுத்தால் அறுபதாயிரம் ஆகிறது. அப்போது வரிக் கணக்கில் வருவது மிஞ்சிய பத்தாயிரம் மட்டுமல்ல, அறுபதாயிரமும் வரும். ஆகவே அந்தத் தம்பி பிரித்து வாங்கியதில், பரிசு என்றே வைத்துக்கொண்டாலும், பைசா லாபமில்லை.

அதைவிட முக்கியம், டைவர் தம்பிகளே, இந்த விதி உங்கள் பணத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. நீங்கள் டேங்க்கைக் கட்டிக்கொண்டு இறங்கினீர்கள், மெட்டல் டிடெக்டரால் மணலைத் தடவினீர்கள், நகையை எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். அதற்காகத்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள். “கிடைச்சாதான் காசு” என்று பேசியிருந்தாலும் சரி, வெற்றிலைப் பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்திருந்தாலும் சரி, அது வேலைக்கு வந்த பணம். தொழிலாகச் செய்பவருக்கு முதல் ரூபாயிலிருந்தே வருமானம். பணத்துக்குப் பதில் தங்கக் காசு கொடுத்தால் அதன் மதிப்பு வருமானம். பிரான்ஸில் இருக்கும் மகன் யூரோவில் அனுப்பினாலும் அப்படியே.

குளிக்கப் போன இடத்தில் காலில் ஏதோ தட்டுப்பட்டு, எடுத்துக் கொடுத்ததும் அந்த அம்மா மனம் குளிர்ந்து ஐயாயிரம் கொடுத்தால்? நீங்கள் இந்தத் தொழிலில் இல்லை, யாரும் தொகை அறிவிக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இங்கேதான் ஐம்பதாயிரம் விதிக்கு வேலை. உறவினர் கொடுத்த பரிசுக்கு வரம்பே இல்லை, ஆனால் சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் உண்டு, அவர்கள் பிள்ளைகள் கிடையாது. சித்தப்பா பையன் கொடுத்தால் வெளியாள் கொடுத்த மாதிரிதான். லாட்டரி மாதிரி 30 சதவீதம் பிடிப்பார்களோ என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அது லாட்டரி, குதிரைப் பந்தயம், சூதாட்டம் போன்றவற்றுக்கு உள்ள விகிதம். உங்களுக்கு அல்ல. புதுச்சேரி யூனியன் பிரதேசம், நமக்கு வருமான வரி கிடையாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். வருமான வரி மத்திய அரசின் சட்டம். புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் ஒரே கணக்கு.

வருமானம் என்று ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2025-26 நிதியாண்டுக்கு, ‘நியூ ரெஜீம்’ எனப்படும் புதிய வரி முறையில், உங்களைப் போன்றவர்களுக்கு மொத்த வருமானம் 12 லட்சம் வரை கட்டவேண்டிய வரி பூஜ்யம். டைவிங் பள்ளிச் சம்பளம் 3,60,000, நகை தேடிக்கொடுத்தது 1,40,000, ஆக ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய் வரி இல்லை. அடிப்படை விலக்கு வரம்பான நான்கு லட்சத்தைத் தாண்டியதால் கணக்குத் தாக்கல் மட்டும் செய்யவேண்டும். படகு வாடகை, டீசல், டேங்க் நிரப்பிய செலவு, டிடெக்டரின் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்துக்கொள்ளலாம். சின்னத் தொழிலுக்கு, செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் ஒரு சதவீதத்தையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையும் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான், அந்தக் கவலை உங்களில் யாருக்கும் வரப்போவதில்லை.

நகையைத் தொலைத்தவர்களும் கேட்கிறார்கள், திரும்பக் கிடைத்த நகைக்கு வரி கட்டணுமா என்று. உங்கள் நகை உங்களிடம் வந்தது, அதில் வருமானம் எங்கே இருக்கிறது? வரி கிடையாது.

எடுத்தவருக்கே சொந்தம் என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து விடுங்கள். அடுத்தவர் நகை என்று தெரிந்தும் வைத்துக்கொள்வது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவின்படி குற்றம். கடல் எல்லாருக்கும் பொது, அதில் கிடந்த நகை அப்படியல்ல. உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் கொடுத்து எழுத்தில் ரசீது வாங்குங்கள். அதே நேரம், எடுத்தவருக்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 168ஆவது பிரிவின்படி, உரிமையாளர் குறிப்பிட்ட தொகை அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்குப் போடலாம், தொகை கைக்கு வரும்வரை பொருளை வைத்திருக்கலாம். அறிவிக்காவிட்டால் பட்ட பாட்டுக்கு வழக்குப் போட முடியாது. அறிவிப்பே தெரியாமல் எடுத்தவர் நிலை இன்னும் சங்கடம். காணாமல்போன பையனைத் தேடிக் கண்டுபிடித்த ஒரு பணியாளருக்கு, பரிசு அறிவிப்பு தெரியாமல் தேடினார் என்பதற்காக, 1913இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தொகையை மறுத்துவிட்டது. லால்மன் சுக்லா வழக்கு என்று சட்ட மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள். அதனால்தான் இறங்கும்முன் பேசிவிடுங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

கொடுப்பவர்கள், யுபிஐயிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ஒரே காரியத்துக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. நன்றியோடு கொடுத்த பணம் அந்தப் பிள்ளைக்கு வினையாக முடியவேண்டாம்.

அப்புறம், இது வரி விஷயம் அல்ல, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். நகை போனதும் புடவையோடு மறுபடியும் அலைக்குள் ஓடாதீர்கள். நின்ற இடத்தைக் கரையில் ஏதாவது இரண்டு அடையாளத்தோடு மனதில் பதித்துக்கொண்டு வெளியே வாருங்கள். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு, மணலுடையது ஏறக்குறைய 2.65 மடங்கு. விழுந்த நகை சீக்கிரம் மணலுக்குள் இறங்கிவிடும், கூட்டம் மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம் போகும். காலால் துழாவிக் கலைக்காமல் விட்டால்தான் டிடெக்டரோடு வருபவருக்கு வேலை சுலபம். கிணறு என்றால் முதலில் கயிற்றில் கட்டி இறக்கும் கொக்கிகள் உள்ள பாதாளக் கரண்டி, அதில் வராவிட்டால் முறையான கருவியோடு வருபவர். பழைய கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கும். வீட்டு ஆளையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கயிறு கட்டி இறக்கவே கூடாது. தீர்த்தவாரிக்குக் கிளம்பும்போது மஞ்சள் கயிறு மட்டும் போதும் அம்மா, சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

டைவர் தம்பிகளுக்கு ஒரு வேலை. அடுத்த அழைப்பு வரும்போது, எந்த இடம், என்ன நகை, கிடைத்தால் எவ்வளவு, கிடைக்காவிட்டால் படகு வாடகை யாருடையது என்று நான்கு வரி வாட்ஸ்அப்பில் எழுதி, அவர்களிடம் ‘சரி’ என்று பதில் வாங்கிவிட்டு இறங்குங்கள். நகையை ஒப்படைக்கும்போது ஒரு படம் எடுங்கள். இரண்டையும் பணம் வந்த விவரத்தோடு ஒரு கோப்பில் போட்டுவைத்து, கணக்குத் தாக்கல் செய்ய வரும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள்.