எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு பத்தி சேருங்கள்

முதியோர் வழக்குகள் மட்டும் பார்க்கிறேன் என்று போர்டு மாட்டிய வக்கீலை நான் சேலத்தில் பார்த்ததில்லை. அஸ்தம்பட்டி நீதிமன்றத்தைச் சுற்றி சொத்து, குடும்பம், செக் வழக்கு என்று எல்லாம் பார்ப்பவர்களிடம்தான் இதுவும் வந்து சேரும். நானும் பாகப்பிரிவினை வழக்குகளில்தான் ஆரம்பித்தேன். பாகம் கேட்டு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நடுவில், இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு நிற்கும் பெற்றோரைப் பார்க்கப் பார்க்க, வேலை மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அமெரிக்காவில் இது தனித் துறை. 1987-லேயே அங்கே முதியோர் சட்ட வக்கீல்களுக்கு ஒரு தேசிய அமைப்பு வந்துவிட்டது. நமக்குக் கையில் இருப்பது 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். என் வேலையில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான்.

என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதிக் கொடுத்து முடித்த பிறகே வருகிறார்கள். மஞ்சப்பையில் செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல் இருக்கும், அதாவது உயிரோடு இருக்கும்போதே பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம். அதை வாங்கியதும் நான் முதலில் தேடுவது சொத்து விவரத்தை அல்ல, அதற்கு மேலே இருக்கும் பத்திகளை. அநேகமாக எல்லாப் பத்திரத்திலும் ஒரே பாட்டுத்தான்: "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இந்தச் சொத்தை உனக்குக் கொடுத்து, இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன். இந்த செட்டில்மென்டை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை." என்னைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற வரி இருக்காது.

அம்மாபேட்டையில் தறி ஓட்டிப் பிழைத்த ஒரு பெரியவர். தறிக்கூடத்தோடு சேர்ந்த வீட்டைச் சின்ன மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது கொண்டலாம்பட்டியில் மகள் வீட்டில் சாப்பிடுகிறார். "பத்திரம் எழுதறவரு கேட்டாருங்க, ஏதாச்சும் கண்டிஷன் போடணுமான்னு. பெத்த புள்ளைகிட்ட என்னங்க கண்டிஷன்னு நாந்தான் வேண்டான்னேன்" என்றார். எழுதச் சொல்லாதது அவர் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. மகன் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தகப்பனுக்கும் அதைச் சொல்ல வாய் வராது.

இந்த வரி ஏன் முக்கியம் என்றால், சட்டத்தின் 23ஆம் பிரிவு அதன்மேல்தான் நிற்கிறது. 60 வயது நிறைந்த ஒருவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ எழுதப்பட்டதாகக் கருதி அதைச் செல்லாது என்று இந்தச் சட்டத்துக்கென்று உள்ள தீர்ப்பாயம் அறிவிக்கலாம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நிபந்தனை இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவருக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. அந்த அம்மாவிடம் தானப் பத்திரத்தோடு, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதிய தனிக் காகிதம் ஒன்று இருந்தது. அது போலி என்று மகன் வாதாடியும் எடுபடவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: நிபந்தனையை எழுத்தில் போடாவிட்டாலும், அன்பின் பேரில் கொடுத்தேன் என்பதற்குள்ளேயே பராமரிப்பு அடங்கியிருக்கிறது என்றது. தறிக்காரப் பெரியவர் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் தீர்ப்பை நம்பி வழக்கு நடத்துவதைவிடப் பத்திரத்தில் ஒரு பத்தி இருந்துவிட்டால் வேலை சுலபம்.

எழுதிக் கொடுத்தவர்கள் அடுத்து செய்யும் வேலை, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் போடப் பார்ப்பது. ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளாதவர் தன்னிச்சையாக அப்படிச் செய்ய முடியாது. போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், அங்கேதான் தீர்ப்பாயம். நம் மாவட்டத்தில் சேலம், மேட்டூர், ஆத்தூர், சங்ககிரி என்று நான்கு கோட்டங்கள். ஏற்காட்டுக்காரர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வர வேண்டும். ஆனால் மலையிலிருந்து வந்து ஆத்தூரில் மகளோடு இருக்கும் அம்மா ஆத்தூரிலேயே மனு கொடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் மனு சுற்றிக்கொண்டு அங்கேதான் வரும்.

இந்தத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராகக் கூடாது என்கிறது 17ஆம் பிரிவு. அதைச் சில உயர் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை, அந்தச் சண்டை ஒரு பக்கம் நடக்கிறது. என்னைக் கேட்டால் அந்தப் பிரிவு நல்லதுதான். என் பிழைப்பில் மண் என்றாலும் சொல்கிறேன், இரண்டு பக்கமும் வக்கீல் வந்தால் வாய்தாவும் கூடவே வந்துவிடும். எனவே என் வேலை வாசலுக்கு வெளியே. காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்குவது, வெள்ளைத் தாளில் மனு எழுதுவது, அப்புறம் பேசப் பழக்குவது. பெரியவர்கள் மூத்த மகள் கல்யாணத்தில் ஆரம்பிப்பார்கள். பட்டா மனுக்களுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவில் ஆர்.டி.ஓ.வுக்கு இருப்பது பத்து நிமிடம். என்றைக்கு எழுதிக் கொடுத்தீர்கள், என்ன சொல்லி வாங்கினான், எப்போதிலிருந்து சோறு நின்றது, மாதம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு வேண்டும். இந்த நான்கையும் சொன்னால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

சொத்து இல்லாதவர்களும் மாதப் பணம் கேட்கலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். மகளுக்கும் இதே கடமை உண்டு. "கட்டிக் கொடுத்தாச்சே" என்பது இங்கே செல்லாது. பிள்ளை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. சேர்வராயன் மலையில் சின்னக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். காப்பியும் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகும் பறித்து விற்பது அண்ணன் மகன். கேட்டால் "நான் என்ன பெத்த புள்ளையா?" என்பார். வாரிசாக வரப்போகிறவர் சொத்தை அனுபவித்தாலோ, நாளை அது அவருக்கு வருவதாக இருந்தாலோ, பராமரிக்கும் கடமையும் அவருக்குத்தான்.

ஒரு வகை வழக்கை நான் எடுப்பதில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை. மருமகளை வீட்டை விட்டு வெளியேற்ற மகனே பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தச் சட்டத்தில் மனு போடச் சொல்வார். 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைச் சட்டத்தில் மருமகளுக்கு உள்ள குடியிருப்பு உரிமையை இப்படிக் குறுக்கு வழியில் பறிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இதில் அந்தப் பெரியவர்கள் வெறும் கையெழுத்துத்தான்.

அதனால்தான் யாராவது அம்மாவையோ அப்பாவையோ காரில் அழைத்து வந்து பத்திரம் தயார் செய்யச் சொன்னால், "தம்பி, கீழே போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். ஃபீஸ் யார் கொடுத்தாலும் கட்சிக்காரர் அந்த அம்மாதான். தனியாக இருக்கும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: "எழுதிக் கொடுத்ததுக்கப்புறம் நீங்க எங்கம்மா இருப்பீங்க?" உடனே பதில் சொல்கிறவர்களுக்குப் பத்திரம் தயாராகும். "அதென்ன கண்ணு, அவங்க சொல்ற இடத்துல" என்று இழுத்தால், உயில் எழுதலாம் என்பேன். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத் தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் வேண்டும். அதற்காக செட்டில்மென்ட் கெட்டது என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய்தான். நாளைக்கு உயிலை நிரூபிக்க சாட்சியைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. காலி மனை என்றால் தாராளமாக செட்டில்மென்ட் எழுதுங்கள். குடியிருக்கும் வீடு என்றால் உயில், அல்லது ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை உங்களுக்கே வைத்துக்கொண்டு செட்டில்மென்ட்.

வெளிநாட்டில் பிள்ளை இருப்பவர்களுக்கு ஒன்று. ஃபேர்லேண்ட்ஸில் அப்பா, நியூஜெர்சியில் மகன், "பவர் வாங்கி வெச்சிருக்கேன் சார், கவலையில்லை" என்பார் மகன். பவர் என்றால், அப்பா சார்பில் காரியம் பார்க்க அவர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரம். அமெரிக்காவில் நினைவு தப்பிய பிறகும் செல்லும்படி பவர் எழுத முடியும். நம் ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் பவர் முடிந்துவிடும். அதாவது எப்போது தேவைப்படுகிறதோ அப்போது அது செல்லாது. டிமென்ஷியா முற்றிய பிறகு சொத்தைத் தொட வேண்டுமானால் நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனம் கேட்டுப் போக வேண்டியதுதான். 2024-ல் கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமிக்க, உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. மறதி தொடங்கும்போதே டாக்டர் சான்றோடு உயிலையும் வங்கி ஏற்பாடுகளையும் முடித்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையில் இருப்பவரிடம் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யவும் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சரி, செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்துவிட்டால், பத்திரம் எழுதுபவரிடம் இதைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்:

"என் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு. எனக்கு உணவு, உடை, மருத்துவச் செலவு ஆகியவற்றோடு மாதம் ரூ. ____ கொடுத்து நீ என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே இந்தச் சொத்தைக் கொடுக்கிறேன். தவறினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி இந்தப் பத்திரத்தைச் செல்லாதெனக் கேட்க எனக்கு உரிமை உண்டு."

கோடிட்ட இடத்தில் தொகையை எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன் என்ற பழைய வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால் அதை வைத்தே எதிர்த்தரப்பு வாதாடும். வாங்குகிறவரின் கையெழுத்தையும் நிபந்தனைக்குக் கீழே வாங்குங்கள்.