அபார்ட்ஹெய்ட்: இன ஒதுக்கல்

தென்னாப்பிரிக்காவில் மக்களை இனவாரியாகப் பிரித்துவைத்த ஆட்சிமுறையின் பெயர் அபார்ட்ஹெய்ட். அது ஆப்பிரிக்கான்ஸ் மொழிச் சொல். 'அபார்ட்' என்றால் தனியே. 'ஹெய்ட்' நம் 'மை' போன்ற பண்புப்பெயர் விகுதி. உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் 'தனிமை' என்றே வரும். ஒரு கொடுங்கோன்மைக்கு இத்தனை சாதுவான பெயர் வைத்ததே பெரிய வஞ்சகம்.

1652-இல் யான் வான் ரீபெக் தலைமையில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தார், போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் தருவதற்காகக் கேப் முனையில் அமைத்த குடியேற்றத்தில், டச்சு மொழி திரிந்து பிறந்ததே ஆப்பிரிக்கான்ஸ். பின்னர் அந்நிலம் பிரித்தானியர் வசமாகி, 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவாயிற்று. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம், பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே விட்டுவைத்தது. ஆகவே, சொல் பரவுமுன்பே செயல் வேரூன்றியிருந்தது. 1948 தேர்தலில் தேசியக் கட்சி அந்தச் சொல்லையே முழக்கமாக்கி ஆட்சியைப் பிடித்தது.

1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் பதிந்தது. ஐயம் எழுந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பதும் உண்டு: நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் வெள்ளையர் அல்லர். எங்கே குடியிருப்பது, யாரை மணப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தே அமைந்தன. டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் வேரூன்றி வாழ்ந்த தமிழர் உள்ளிட்ட இந்தியர்களும் இதே வகைச் சட்டத்தால்தான் வெளியேற்றப்பட்டார்கள். எல்லா இனத்தவரும் சமமாக வாக்களித்த முதல் நாடளாவிய தேர்தல் 1994 ஏப்ரல் 26 அன்றுதான் தொடங்கியது.

தமிழ் இதழ்கள் இதனை 'நிறவெறி' என்று எழுதிப் பழகிவிட்டன. வெறி என்பது மனத்தில் எழும் உணர்ச்சி. அபார்ட்ஹெய்டோ பதிவேடும் முத்திரையும் காவலரும் கொண்டு நிதானமாக நடத்தப்பட்ட ஆட்சிமுறை. வெறி என்றால் அந்த நிதானம் மறைந்துபோகிறது. 'ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள்' என்று நாம் சொல்லும்போது, கூடி முடிவெடுத்து ஒருவரை விலக்கிய செயல் கண்முன் நிற்கிறது அல்லவா? அதனால் 'இன ஒதுக்கல்' என்பதே பொருத்தமான சொல். இன ஒதுக்கல் ஆட்சி, இன ஒதுக்கல் சட்டங்கள், இன ஒதுக்கல் எதிர்ப்புப் போராட்டம் என எளிதாகத் தொடரும். 'இன ஒதுக்கீடு' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. இட ஒதுக்கீட்டை அறிந்த நமக்கு அது உரிமை வழங்குவதையே குறிக்கும்.