கடிகாரத்தின் முதல் வினாடி மட்டும் ஏன் நீள்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சட்டென்று சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தால், வினாடி முள் கொஞ்ச நேரம் நின்றுபோய், அப்புறம்தான் நகர்கிறது. கோளாறு கடிகாரத்திலா, என் கண்ணிலா?"

இரண்டிலும் கோளாறு இல்லை. இது மூளையின் வேலை. காட்சி மயக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒளி விழித்திரையில் விழுவதும் நரம்பு வழியாக மூளைக்குப் போவதும் பள்ளியில் படித்ததுதான். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விழித்திரையின் நடுவே உள்ள சிறு குழிதான் மிகக் கூர்மையாகப் பார்க்கும். நீட்டிய கையில் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு இடம்தான் அதற்கு எட்டும். அதனால் கண் ஓயாமல் தாவுகிறது, வினாடிக்குச் சுமார் 3 முறை.

ஒவ்வொரு தாவலிலும் காட்சி முழுவதும் விழித்திரையின் மேல் இழுபட்டு ஓடுகிறது. கேமராவை அந்த வேகத்தில் திருப்பினால் படத்தில் வெறும் தீற்றல்தான் மிஞ்சும். நமக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் தாவலுக்குச் சற்று முன்பிருந்தே மூளை பார்வையின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். எர்ட்மான், டாட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1898-லேயே இதை எழுதிவைத்தார்கள். செல்போனின் முன்கேமராவில் பார்த்தால் நகர்வது தெரியக்கூடும். திரை சற்றுத் தாமதமாகக் காட்டுவதால், கண் தாவி முடித்த பிறகுதான் அந்தப் படம் வந்து சேர்கிறது.

சரி, பார்வை மங்கிய அந்த நேரம் எங்கே போகிறது? மூளை அதைக் காலியாக விடுவதில்லை. தாவி இறங்கியதும் எது தெரிகிறதோ, அதையே முன்தேதியிட்டு இடைவெளியில் ஒட்டிவிடுகிறது. கண் இறங்கும்போது முள் 12-ல் இருந்தால், தாவத் தொடங்கியதிலிருந்தே அது 12-ல்தான் இருந்தது என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. தாவலின் நேரமும் முதல் வினாடியோடு சேர்ந்து அது நீள்கிறது. அடுத்த வினாடிக்கு இந்தச் சலுகை கிடையாது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2001-ல் இதை அழகாகச் சோதித்தார்கள். கண் தாவும்போது திரையில் ஓர் எண் மாறும். மாறிய எண் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். தாவல் நீண்டால் அந்த நேரமும் நீண்டதாகத் தோன்றியது. தாவலின் நடுவில் எண்ணையே கண்ணுக்குத் தெரியும்படி இடம் மாற்றியபோது மயக்கம் கலைந்துவிட்டது! பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று நம்பினால்தான் மூளை அந்தக் கணக்கை எழுதும்.

இதற்கெல்லாம் எதற்கு ஆராய்ச்சி நிதி என்று கேட்பவர்களை நான் ஏற்பதில்லை. "என் கண்ணாலேயே பார்த்தேன்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துப் பேய்க்கதைகள் நிலைக்கின்றன, நீதிமன்றங்களில் மனிதர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அளந்து பார்ப்பதற்குச் செலவிடும் பணம் வீண் என்று எப்படிச் சொல்வது?

விஷயம் இன்னும் முடியவில்லை. ஒரு காதிலிருந்து மறு காதுக்குக் கவனத்தைத் திருப்பும்போதும், அங்கே கேட்கும் ஒலிகளுக்கு நடுவிலுள்ள முதல் இடைவெளி நீண்டு தோன்றுவதாக 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே கண் தாவலுக்கு வேலையே இல்லை. அப்படியானால் கண் தாவல் மட்டும்தான் காரணமா, கவனம் இடம் மாறுவதற்கும் இதில் பங்கு உண்டா என்ற விவாதம் அங்கிருந்து கிளம்புகிறது.