அலைச்சறுக்கு: ஒரு சொல்லுக்குள் இரண்டு சறுக்கல்

அறுகம்குடாவுக்குப் போய்வந்த மருமகனின் புருவத்தில் நான்கு தையல். அலையிலிருந்து விழுந்தபோது அவனுடைய பலகையே திரும்பி வந்து அடித்ததாம். பக்கத்தில் இருந்த என் அம்மா, அவனுக்கு அம்மம்மா, கேட்டா: "அப்பிடி என்னடா விளையாட்டு அது? பேரென்ன?"

"சேர்ஃபிங், அம்மம்மா."

"அது இங்கிலீசு. தமிழில சொல்லு."

அவன் என் பக்கம் திரும்பினான். "மாமா, பேப்பரில நீர்ச்சறுக்கல் எண்டு போடுறாங்கள். சரியோ?"

சரியில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் சரியில்லை என்று சொல்லத்தான் ஒரு பின்னேரம் முழுவதும் தேவைப்பட்டது. அன்று சொன்னதையும், அவன் போன பிறகு அகராதிகளைப் புரட்டிச் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல். 'சேர்ஃப்' என்பது கரையருகே உடைந்து நுரைத்து வரும் அலைக்குப் பெயர். அதன் மேல் ஏறி விளையாடுவது என்ற பொருள் வெகுகாலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. வேர் தெளிவில்லை என்றே ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. ஆனாலும் ஒரு குறிப்பை அவை விடாமல் தருகின்றன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சொல் எழுத்தில் தலைகாட்டியபோது அது பேசியது இந்தியக் கரையோரத்து அலைகளைப் பற்றி. ஆகவே இந்தப் பக்கத்து மொழி ஏதோ ஒன்றிலிருந்து போயிருக்கலாம் என்று ஓர் ஊகமும் உண்டு. அது தமிழ்தான் என்று நான் சொல்லமாட்டேன். சான்று இல்லாமல் ஒரு சொல்லுக்கு உரிமை கொண்டாடுவது சொல்லுக்குச் செய்யும் நன்மை அல்ல.

ஆனால் ஆங்கில மாலுமிகளுக்கு அப்படி ஒரு சொல் ஏன் தேவைப்பட்டது என்பது நமது கரைக்கதைதான். சென்னையில் அப்போது துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். உடைந்து வரும் அலைகளைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தது மசூலாப் படகு. அதன் பலகைகளில் ஆணி கிடையாது, கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பிளக்காமல் வளைந்து கொடுக்கும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்கிக்கொள்ள இரண்டொரு கட்டுமரம் கூடவே வரும். இந்தக் கட்டுமரக்காரரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் அவர்களிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

விளையாட்டின் தாய்வீடு பசிபிக் தீவுகள். 1779இல் கப்டன் குக்கின் கப்பலில் ஹவாய்க்குப் போன ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, அந்த ஊர் மக்கள் பலகையில் படுத்து அலையோடு கரைக்கு வருவதை எழுதிவைத்தார். ஹவாய் மொழியில் அதற்குப் பெயர் 'ஹெஎ நலு'. ஹெஎ என்றால் சறுக்குதல். நலு என்றால் அலை. தமிழில் 'அலைச்சறுக்கு' என்று முதலில் சொன்னவர் ஹவாய் மொழியைப் பார்த்துச் செய்தாரோ, தானாக அமைந்ததோ, இரண்டும் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன. ஆங்கிலத்தை நடுவில் வைக்காமலே நாம் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

இனி 'நீர்ச்சறுக்கு' ஏன் பிழை என்பது எளிது. மோட்டார்ப் படகு கயிற்றால் இழுக்க, தட்டையான நீரில் கால்பலகையோடு ஓடுகிறார்களே, அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். அங்கே ஆளைக் கொண்டுபோவது இயந்திரம். இங்கே கொண்டுபோவது அலை. அலை என்ற பகுதியை எடுத்துவிட்டால் பெயரில் மிஞ்சுவது ஈரம் மட்டும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது பகுதி. சறுக்குதல், வழுக்குதல் இரண்டும் ஒன்றல்ல. வழுக்குதல் நம்மை மீறி நடப்பது. பாசி பிடித்த கிணற்றடியில் யாரும் விரும்பி வழுக்குவதில்லை. 'வழு' என்றாலே குற்றம், தவறு. சறுக்குதல் அப்படியல்ல. பூங்காவில் பிள்ளைகள் படியேறிப் போய் ஆசையாகச் சறுக்குகிறார்கள். அதே சொல்லைத்தான், கணக்குச் சோதனையில் சறுக்கிப்போட்டான் என்று தோல்விக்கும் சொல்கிறோம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். தேர்ச்சியும் தவறுதலும் ஒரே வினைச்சொல்லில் இருக்கின்றன. எந்தச் சறுக்கு எப்போது மற்றச் சறுக்காக மாறும் என்பதுதான் இந்த விளையாட்டின் முழு ஆபத்தும். ஆங்கிலச் சொல்லில் இது இல்லை. அங்கே விழுவதற்கு 'வைப்அவுட்' என்று வேறு சொல் தேடவேண்டியிருக்கிறது. நாம் 'சறுக்கிவிட்டான்' என்றாலே போதும்.

அலை என்ற சொல்லும் சும்மா இல்லை. அலைதல் என்றால் நிலையில்லாமல் திரிதல். அலைத்தல் என்றால் அடித்தல், வருத்துதல். அலைக்கழித்தல் பற்றிச் சொல்லவே வேண்டாம், நாம் எல்லோரும் பட்டிருக்கிறோம். பழைய தமிழில் திரை என்றும் உண்டு. திரைதல் என்பது சுருளுதல், மடிதல். தோல் திரைகிறது, பால் திரைகிறது, கடலும் திரைகிறது. உடையும் அலையின் வளைந்த முகத்துக்குத் திரைதான் மிகச் சரியான சொல். ஆனால் இன்று 'திரைச்சறுக்கு' என்றால் சினிமா என்று நினைப்பார்கள். ஆகவே அலையே இருக்கட்டும்.

இருபது அடிக்கு, அதாவது ஏறக்குறைய 6 மீற்றருக்கு, மேற்பட்ட அலைகளில் ஏறுவதைத் தனி வகையாகவே பிரிக்கிறார்கள். அதைப் பேரலைச் சறுக்கு என்று சொல்லலாம். இதை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. சுனாமியில் இறந்தவர்களுக்காக உடுத்துறையில் ஒவ்வொரு மார்கழி 26ஆம் திகதியும் விளக்கேற்றுகிறவர்களுக்குப் பேரலை ஒரு விளையாட்டின் பெயர் அல்ல. 2004இல் வந்ததை அவர்கள் பனை உயரம் என்றுதான் சொன்னார்கள். 'சுனாமி' என்ற யப்பானியச் சொல்லின் நேர்ப்பொருள் துறைமுக அலை என்பதுதான். அதற்குத் தமிழில் ஆழிப்பேரலை என்று பெயர் அமைந்தது, நல்ல பெயர். ஆழி என்ற அடைமொழி அங்கே இருப்பதால், வெறும் பேரலையை மற்றதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் முடிவுசெய்தேன். ஆழி என்ற சொல் நமக்கு அழிவை மட்டும் நினைவூட்டுவதும் அல்ல. 1971இல் பாக்கு நீரிணையை இரு திசையிலும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆனந்தனை இந்த ஊர் ஆழிக்குமரன் என்றுதான் அழைத்தது. 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் இறந்தார்.

பெயரில் மட்டுமல்ல, தன்மையிலும் இரண்டும் வேறு. ஆழிப்பேரலை கடலின் அடிவரை முழுவதுமாக நகர்வது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணித்தியாலமும் இருக்கலாம். அதற்கு ஏறிச் சறுக்கக்கூடிய முகம் இல்லை. வீட்டுக்கூரையையும் வள்ளத்தையும் வாரிக்கொண்டு உள்ளே வரும் வெள்ளம் அது. சுனாமியில் சறுக்க முடியுமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, முடியாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லவேண்டும். பேரலை தூரத்துப் புயலில் பிறப்பது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி, அடி தட்டும் இடத்தில் எழுந்து உடைவது. அலைக்கும் அலைக்கும் நடுவில் பதினைந்து, இருபது விநாடி இடைவெளி. இந்த இருபது விநாடியை மறக்கவேண்டாம்.

உலகத்தில் இதற்குப் பெயர்போன இடம் போர்த்துக்கலின் நசாரே. அங்கே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரையருகே வரை வந்து முடிகிறது. ஆழத்தின் வழியே வேகம் குறையாமல் வரும் அலையும், பக்கத்து ஆழமற்ற பகுதியில் தாமதித்து வரும் அலையும் ஓரிடத்தில் சேர்ந்து உயருகின்றன. 2020 ஒக்டோபர் 29ஆம் திகதி ஜேர்மனியரான செபஸ்தியன் ஸ்டொய்ட்னர் அங்கே 86 அடி, அதாவது 26.2 மீற்றர், உயர அலையில் சறுக்கினார். நன்றாக முதிர்ந்த பனை ஒன்றின் அடியில் நின்று வட்டை அண்ணாந்து பாருங்கள். அந்த உயரத்துக்கு நீர் எழுந்து, நின்று, உங்கள் மேல் மடிகிறது. ஒரு கன மீற்றர் கடல்நீர் ஒரு தொன்னுக்கு மேல் எடை.

அவ்வளவு பெரிய அலை ஓடும் வேகத்தைக் கையால் துழாவி எட்டிப்பிடிக்க முடியாது. ஆகவே ஜெட்ஸ்கி என்ற, நீரில் ஓடும் மோட்டார் வண்டியில் கயிறு கட்டி இழுத்து அலைக்குள் விடுகிறார்கள். விழுந்தவரை இரண்டு அலைக்கு நடுவில் புகுந்து தூக்குவதும் அதே ஜெட்ஸ்கிதான். மசூலாப் படகோடு கூடவே வந்த கட்டுமரக்காரரின் வேலையை இன்று இயந்திரம் செய்கிறது.

விழுவதை விட, விழுந்த பிறகு நடப்பதுதான் ஆளைக் கொல்வது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஹோல்ட் டவுன்' என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். அமிழ்தல் என்றால் தானாகத் தாழ்வது. மூழ்கல் என்றால் கதை முடிந்தது. விடை கீரிமலைக் கேணியில் இருந்தது. அங்கே நீந்தப் பழகிய எவரையும் கேளுங்கள். கூட்டாளி பின்னால் வந்து தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமத்துவான். மூன்று எண்ணுவதற்குள் விட்டுவிடுவான், ஆனால் அந்த மூன்றும் எவ்வளவு நீளம் என்று பட்டவனுக்குத் தெரியும். அமர்த்து என்பதுதான் நமது வாயில் அமத்து ஆனது. பொத்தானை அமத்தவும் என்று அறிவித்தலில்கூட எழுதுகிறோம். ஒருவர் மேலிருந்து அழுத்திப் பிடிக்க, கீழே இருப்பவர் எழும்பமுடியாமல் இருப்பது. அதுதான் நடப்பது. ஆகவே 'அமத்து' என்றே வைத்துக்கொள்வோம்: அலையின் அமத்து.

அலை அமத்தும்போது ஆள் பல மீற்றர் ஆழத்துக்குப் போய்விடுகிறார். சுருட்டிப் புரட்டுவதில் எது மேல், எது கீழ் என்று தெரியாது. செவிப்பறை கிழிந்தால் தலை இன்னும் சுற்றும். மேலே வரத் துழாவினாலும் கை பிடிக்காது, ஏனென்றால் சுற்றிலும் இருப்பது பாதி நீர், பாதி காற்று. நுரையில் மிதக்க முடியாது, நுரையை உதைத்து எழும்பவும் முடியாது. கரையில் அமைதியாக இருந்து நிமிடக் கணக்கில் மூச்சடக்கப் பழகியவருக்கும் அங்கே இதயம் அடிக்கிற அடியில் அந்தக் கணக்கு உதவாது. இருபது விநாடியில் அடுத்த அலை வந்து, மூச்செடுக்க முன் மறுபடியும் அமத்தினால், அதுதான் இரட்டை அமத்து. 2010இல் கலிபோர்னியாவின் மாவெரிக்ஸில் அதில் மாட்டித் தப்பிய ஷேன் டோரியன், அதன் பிறகுதான் ஊதிப் பெருக்கும் சட்டையை உருவாக்கச் செய்தார். கயிற்றை இழுத்தால் சிறு குப்பியிலிருக்கும் காபனீரொட்சைட்டு நிரம்பி ஆளை மேலே தூக்கும்.

அதே மாவெரிக்ஸில் 1994 டிசம்பர் 23ஆம் திகதி மார்க் ஃபூ இறந்தார். ஹவாயின் பேரலைகளில் பல ஆண்டுகள் பழகியவர். அவர் விழுந்த அலை அன்றைய அலைகளில் மிகப் பெரியது அல்ல. பலகையைக் காலோடு கட்டும் கால்கயிறு அடியிலிருந்த பாறையில் சிக்கியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆளைப் பலகையிலிருந்து பிரியாமல் காக்கும் கயிறு, ஆளைக் கடலடியோடு கட்டிவிடவும் கூடும். 2013 ஒக்டோபரில் பிரேசில் நாட்டு மாயா கபெய்ரா நசாரேயில் விழுந்து நினைவிழந்தார். கூடப்போன கார்லொஸ் பூர்லே அவரைக் கரைக்கு இழுத்துவர, மணலில் வைத்து நெஞ்சை அமத்தி உயிர்கொடுத்தார்கள். (அமத்து என்ற சொல் இங்கே உயிர்காக்க வருவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.) 2020இல் மாயா அதே கடலில் 73.5 அடி அலையில் சறுக்கினார். 2023 ஜனவரி 5ஆம் திகதி அதே நசாரேயில் மார்சியோ ஃப்ரெய்ரே விழுந்தார். அவரைக் கரைசேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பேரலை ஏன் இல்லை என்றும் மருமகன் கேட்டான். பாக்கு நீரிணை ஆழமில்லாதது. தூரத்துப் புயலின் நீண்ட அலை உள்ளே வர வழியில்லை. வாடைக்காற்றில் எழுவது கிட்டக்கிட்ட வரும் குறுகிய அலை. வடமராட்சி கிழக்கு வங்காள விரிகுடாவைப் பார்த்து நிற்பதால் அங்கே கடல் இன்னும் கடுமை, ஆனால் அதுவும் நசாரே அல்ல. தூரத்தில் பிறந்த அலை ஒரு நல்ல வெயில் நாளில் காற்றே இல்லாமல் கரையேறுவதைக் கேரளக் கடற்றொழிலாளர் கள்ளக்கடல் என்கிறார்கள். கள்ளனைக் கள்ளன் என்றே சொல்லும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2012இல் அந்தச் சொல்லை யுனெஸ்கோவும் அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. கரைக்காரர் வாயிலிருந்து வரும் சொல் அவ்வளவு தூரம் போகுமென்றால், கேணியடிச் சொல் ஒன்று அலைச்சறுக்கு வரை போவதில் தடை என்ன இருக்கிறது?

தையல் வெட்டிய அடுத்த மாதமே அவன் மறுபடியும் அறுகம்குடாவுக்குப் போனான். இரவு போன் எடுத்தான்.

"அம்மம்மா, இண்டைக்கு நல்லாச் சறுக்கினனான்."

"எந்தச் சறுக்கு?" என்றா அம்மா.

"ரெண்டும்தான்."

"அலை அமத்தினதோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஒருக்கா."