சைலன்சர் மாறியது ஜெட்டுக்குத் தெரியுமா?

புதிய சைலன்சரைப் பூட்டிய அன்று, என் பழைய 350 சிசி வண்டி முன்னைவிட வேகமாகப் போகிறது என்று சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். மூன்றாம் நாள் மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும், பின்னால் யாரோ ஊசிவெடிச் சரத்தைக் கொளுத்திப் போட்டதுபோல வெடித்தது. ஆக்சிலரேட்டரின் முழுத் திறப்பில் ஒரு தடுமாற்றம் வேறு. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. “குழாயை மாற்றிவிட்டீர்கள் தம்பி, ஜெட்டை மாற்றவில்லையே” என்றார்.

ஜெட் என்பது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை. புகை போகும் வழியை மாற்றினால் பெட்ரோல் வரும் வழி ஏன் கெடவேண்டும்?

சைலன்சரைச் சமையலறைப் புகைபோக்கி போல நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வெளியேற்ற வால்வு திறக்கும் நொடியில் சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் மிச்சமிருக்கிறது. அது ஓர் அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. சூடான புகையில் அந்த அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர். குழாய் அகன்று திறக்கும் இடத்தை எட்டியதும் அலை அப்படியே போய்விடுவதில்லை. ஒரு பகுதி தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. புல்லாங்குழலில் சுரம் பிறப்பதும் இதே திரும்பலால்தான்.

புகை வெளியேறி முடிந்து புதுக் காற்று நுழையத் தொடங்கும் சிறு இடைவெளியில் இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும். உறிஞ்சும் அலை சரியாக அப்போது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துப்போட்டு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புதுக் கலவையையும் உள்ளே வரவழைக்கும். நேரம் தவறினால் அந்த உதவி கிடைக்காது. சில வேகங்களில் புகை திரும்பி உள்ளேயே தள்ளப்படும்.

ஒரு மீட்டர் குழாயில் அலை போய்வர 4 மில்லி வினாடி ஆகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் அதற்குள் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் 72 பாகை திரும்பியிருக்கும். 6,000 சுற்றில் 144 பாகை. குழாயின் நீளம் மாறுவதில்லை, அலை வந்துசேரும் தருணம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் எந்தக் குழாயும் எல்லா வேகத்திலும் உதவாது. தடையே இல்லாத பருத்த குழாயைப் போட்டவர்கள், நெரிசலில் இரண்டாம் கியரில் வண்டி சோர்வதாகச் சொல்வது கற்பனை அல்ல.

அலையை வைத்து உண்மையிலேயே வித்தை காட்டியவர்கள் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்காரர்கள். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் வயிறு பெருத்த வெளியேற்றக் குழாயை நுணுக்கமாக வளர்த்தெடுத்தார். அந்த நிறுவனத்தின் பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் நாட்டைவிட்டுத் தப்பி, அந்த ரகசியங்களோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு வந்தது. ஒரு தகரக் குழாயின் வடிவத்துக்காக எல்லை தாண்டிய கதை!

இனி ஜெட். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வலு கிடைப்பது கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக, அதாவது காற்று 12.5 முதல் 13 கிலோ வரை இருக்கும்போது. காற்று கூடினால் கார்புரேட்டர் தானாகவே அதிகப் பெட்ரோலை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் புகை விதிகளுக்காகத் தொழிற்சாலையிலேயே கலவையைச் சிக்கனத்தின் விளிம்பில் வைத்துவிடுகிறார்கள். சிறிது நகர்ந்தாலும் பெட்ரோல் குறைந்து ‘லீன்’ ஆகிவிடும்: எஞ்சின் கொதிக்கும், தட்டும், நாளாவட்டத்தில் வால்வையும் பிஸ்டனையும் தின்னும்.

கார்புரேட்டரில் மூன்று இடங்களைத் தொடவேண்டும். கால் திறப்பு வரை பைலட் ஜெட், நடுவில் துளைக்குள் ஏறி இறங்கும் ஊசி, முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஊசியின் தலையில் உள்ள வெட்டுகளில் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். பலர் வழுக்கி விழும் இடம் ஐடிலிங் அருகே உள்ள திருகு. அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகும்போது பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருகும்போது. இதை அறியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணடித்தவன் நான். மெயின் ஜெட்டைச் சோதிக்க, காலியான சாலையில் முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைப் பார்க்கவேண்டும். வெள்ளை என்றால் பெட்ரோல் குறைவு, கரி என்றால் அதிகம், பிஸ்கட் நிறம் சரி.

அந்த ஊசிவெடிக்கு வருவோம். ஆக்சிலரேட்டரை மூடியதும் சிலிண்டருக்குள் கலவை மெலிந்து, பற்றாமலேயே வெளியேறுகிறது. சூடான குழாயில் காற்றோடு சேர்ந்ததும் அங்கே வெடிக்கிறது. அந்தக் காற்று பெரும்பாலும் சைலன்சர் இணைப்பில் சரியாக உட்காராத கேஸ்கெட் வழியே வருகிறது. பைலட் ஜெட்டைத் தொடும் முன் அதைப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் விற்பனையாகும் பெரும்பாலான வண்டிகளில் ஊசி, ஜெட் எல்லாம் இல்லை. கணினி, திறப்பையும் சுற்று வேகத்தையும் பார்த்து ஓர் அட்டவணைப்படி பெட்ரோலைத் தெளிக்கிறது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் உணரி அதைத் திருத்தும். ஆனால் அதற்குத் தெரிவது கலவை 14.7க்கு மேலா கீழா என்பது மட்டுமே. முழுத் திறப்பில் கணினி அதன் பேச்சைக் கேட்பதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றிக்குப் பின்னால் உள்ள சைலன்சர் முனையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் எதுவும் செய்யவேண்டியதில்லை. மாற்றியையே கழற்றினால் அட்டவணையைத் திரும்ப எழுதவேண்டும். அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 10,000 ரூபாய் வரை அபராதத்துடன் காத்திருக்கிறது.

நான் பழைய சைலன்சரையே திரும்பப் பூட்டிவிட்டேன். சத்தம் போனதும் அந்த ‘வேகமும்’ போய்விட்டது. மேடு ஏறுவது மட்டும் முன்புபோல எளிதாகியது. ஆனால் புதிய சைலன்சருக்காகப் போட்ட பெரிய மெயின் ஜெட்டைப் பழையபடி மாற்றவில்லை. 2023இலிருந்து பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத்தொடங்கிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, கிலோவுக்குச் சுமார் 13.5 கிலோ காற்றே போதும். பழைய ஜெட்டின் அதே துளை இப்போது ஏறக்குறைய 8 விழுக்காடு லீன். ஒரு எண் பெரிய ஜெட் அப்படியே இருக்கிறது. பிளக் பிஸ்கட் நிறத்தில்.