அலாரம் ‘கோ ஓஃப்’ ஆனால் வெளியே வாருங்கள்

ஹட்டன் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த ஒரு தம்பி நுவரெலியாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அங்கே தீ ஒத்திகை நடந்தது. அலாரம் அலறுகிறது, எல்லோரும் முற்றத்தில் நிற்கிறார்கள், இவர் மட்டும் உள்ளே. “அலாரம் ‘கோஸ் ஓஃப்’ ஆனா வெளியே போகச் சொல்லி எழுதியிருந்திச்சு மிஸ். அது நிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றார். எனக்கு நெஞ்சு பதறியது. உண்மையான தீயாக இருந்திருந்தால்?

அவரைக் குறை சொல்ல மனமில்லை. லைட்டை ஓஃப் பண்ணு, டீவியை ஓஃப் பண்ணு என்றே கேட்டு வளர்ந்த காது, ‘ஓஃப்’ என்றால் நிற்பது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் அலாரம் ‘கோஸ் ஓஃப்’ என்றால் அது அடிக்கத் தொடங்குகிறது. குண்டு ‘வென்ட் ஓஃப்’ என்றால் வெடித்துவிட்டது. அலாரத்தை நாம் நிறுத்துவதற்கு ‘டர்ன் ஓஃப்’ வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ‘த லைட்ஸ் வென்ட் ஓஃப்’ என்றால் விளக்குகள் அணைந்தேவிட்டன! சமையலறையில் ‘த மில்க் ஹேஸ் கோன் ஓஃப்’ என்று செஃப் சொன்னால் பால் பழுதாகிவிட்டது, தேநீருக்கு ஊற்றக் கூடாது. இது பிரித்தானிய வழக்கு; அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘கோன் பேட்’ என்பார்கள். ஆகவே ‘ஓஃப்’ஐ மட்டும் பிடித்துக்கொண்டு பொருள் தேடாதீர்கள். எது ‘கோ ஓஃப்’ ஆகிறது என்று முதலில் பாருங்கள். நம் தமிழிலும் இப்படித்தானே? கரண்ட் போச்சு, பால் கெட்டுப்போச்சு, பயந்துபோனேன். மூன்றிலும் ‘போ’ இருக்கிறது, யாரும் எங்கேயும் போகவில்லை.

இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன். வேலைக்குப் பிந்தியவர்கள் ‘மை அலாரம் வென்ட் ஓஃப்’ என்று மேலாளருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அலாரம் அடித்தது என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படியானால் ஏன் எழும்பவில்லை என்று அவர் கேட்பார். ‘மை அலாரம் டிடின்ட் கோ ஓஃப்’ என்று எழுத வேண்டும்.

இப்போதெல்லாம் புது வகுப்பின் முதல் நாளே கைபேசி அலாரத்தை அடிக்கவிட்டு, ‘இட்ஸ் கோயிங் ஓஃப்!’ என்று சத்தமாகச் சொல்லி, எல்லோரையும் எழுப்பி வாசலுக்கு நடக்க வைக்கிறேன்.